பட்டது என்று எழுதிய வாகை

2024 ஏப்ரல் 4, வியாழக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். முற்றத்தில் வைத்திருக்கும் மழைப்போத்தலைப் பார்த்தேன். துளியும் இல்லை. மழைக் கொப்பியில் பூச்சியம் போட்டேன். 5.15க்குப் பால் விடாத பிளேன்ரீ. 5.30க்கு வாவிப் படித்துறை வரை நடந்து, தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று பார்த்தேன், மேலிருந்து ஏழாவது. திரும்பி வந்து குளித்து, பாணும் சம்பலும் சாப்பிட்டு, மோட்டார் சைக்கிளைத் துடைத்து, 7.55க்குப் புறப்பட்டேன். 8.10க்கு அலுவலகத்தில் கையொப்பமிட்டேன்.

இவ்வளவும் அன்றைய பக்கத்தில் உள்ளபடி. இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். வீட்டில் ஒன்று, சட்டைப் பையில் சிறியது ஒன்று. அலுவலகத்தில் ஒரு திகதியில் சந்தேகம் வந்தால் கோப்பைத் தேடுவதற்கு முன் என்னிடம்தான் கேட்பார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இருந்தது என்றே எழுதுகிறேன்.

என் மேசைக்கு வரும் வேலைகளில் ஒன்று, மட்டக்களப்பு நகரத் தெருமரங்களைப் பற்றிய மனுக்கள். கிளை கம்பியில் முட்டுகிறது, வேர் மதிலைத் தள்ளுகிறது, மரம் விழப்போகிறது என்று ஆட்கள் எழுதுவார்கள். நான் போய்ப் பார்த்து ஒரு பக்கப் படிவத்தை நிரப்ப வேண்டும். மரத்தின் பெயர், சுற்றளவு, உயரம், அடி மண்ணின் தன்மை. கடைசிக் கட்டத்தில் ‘நிலை’ என்று இருக்கும். அதற்கு இரண்டே விடைகள்: உயிருள்ளது, பட்டது. உயிருள்ளது என்று எழுதிய மரத்தை வெட்ட மூன்று பேருடைய கையொப்பம் வேண்டும். பட்டது என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வெட்டுவார்கள்.

உயிரைச் சோதிப்பது பெரிய வித்தையில்லை. ஒரு சிறு கத்தியால் பட்டையை நகக்கண் அளவு சுரண்டினால் போதும். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. நான் மூன்று இடத்தில் சுரண்டுவேன். கத்தி எப்போதும் என் பையில் இருக்கும்.

அன்று 10.40க்கு ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வாவியோரத் தெருவில் பெரிய வாகை மரத்தின் கீழ் சைக்கிள் திருத்துபவர். காத்தான்குடிக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். தினமும் அவரைக் கடந்துதான் அலுவலகம் போவேன், பேசியதில்லை, மரத்தை அண்மையில் நிமிர்ந்து பார்த்ததுமில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கொத்தை எடுத்து என் படிவங்களின் மேல் வைத்தார். இளம் பச்சையில், இன்னும் சரியாக விரியாத வாகைத் தளிர்.

“சேர், மையத்து எழும்பிட்டு,” என்றார்.

“என்ன?”

“அதான் சேர், பிரேதம். நீங்க மௌத்தாப் போச்செண்டு எழுதின வாகை. என்ட தலைக்கு மேல நிக்கிற மரம். இந்தா, தளிர் விட்டிரிக்கி. மௌத்தானது மறுகா இலை விடுமா சேர்?”

பக்கத்து மேசை எழுதுவினைஞர் சிரித்துவிட்டார். “அடுத்த கிழமை பெருநாள்தானே காக்கா. மரமும் புதுச்சட்டை போட்டிருக்கும்.” காக்கா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன்.

“உங்களுக்குப் பகிடி. எனக்கு நிழல்,” என்று அவருக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “நாளைக்கு வெட்ட வாறாங்களாம் சேர். அடிமரத்தில சிவத்தப் பெயின்ற் அடிச்சிரிக்கி. நோம்போட இரிக்கன். தொண்டை நனைக்காம அந்த நிழல்லதான் பகல் கழியுது. ஒருக்கா வந்து பாருங்க. ஒள்ளுப்ப நேரம்தான், பத்து நிமிசம்.”

வெயிலில் வந்திருக்கிறாரே என்று மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் போத்தலைப் பார்த்து மெல்லச் சிரித்தார். நோன்பு என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, நான் தண்ணீர் கொடுக்கிறேன். போத்தலைத் திரும்ப இழுத்துக்கொண்டேன். அந்தச் சங்கடம் எனக்குக் கோபமாக மாறியது.

“அறிக்கை மேல போய் முடிவும் வந்திட்டு. நீங்க ஒரு மனு எழுதித் தாங்க, பாப்பம்.”

“மனு மேசை மேசையாப் போய் வாறதுக்குள்ள மரம் விறகாப் போயிடும் சேர்.”

“நான் நேர்ல பாத்துச் சோதிச்சுத்தான் எழுதினன்.”

அவர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். எழுதுவினைஞரைப் பார்த்தார், இன்னும் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார்.

“சரி சேர்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தளிரை எடுத்துப் போகவில்லை.

பையிலிருந்த சிறு குறிப்பேட்டை எடுத்து மார்ச் 12, செவ்வாய்க்கிழமையைத் திறந்தேன். என் கையெழுத்தில் ஒரு வரி: ‘9.52 வாவியோரத் தெரு, வாகை. பட்டது. 9.54 புறப்பாடு.’

இரண்டு நிமிடம். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தெருவைக் கடந்து, நாடா பிடித்து அளந்து, மூன்று இடத்தில் சுரண்டிப் பார்க்க எனக்குப் பதினைந்து நிமிடத்துக்குக் குறைந்து ஒருநாளும் ஆனதில்லை. நேரத்தைத் தவறாமல் எழுதும் பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால், அன்று சோதித்தேன் என்று நானே நம்பியிருப்பேன்.

அன்று நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்து மணிக்கு ஒரு பாடசாலையில் மரம் நடும் நிகழ்வு. அதில் நகரத்து மரங்களைப் பற்றியும் வாவிக்கரை மண்ணைப் பற்றியும் நான் பேச வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். அந்த வாகையில் காகங்கள் அடைவதால் அடியெல்லாம் எச்சம். தெருவின் மறுபக்கம், புதிதாகத் திறந்த கடை ஒன்றின் முன்னால் நின்றேன். இயந்திரத்தை நிறுத்தவில்லை. ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். இலை ஒன்றுகூட இல்லை. காய்ந்த காய்கள் காற்றில் சலசலத்தன. மனுக் கொடுத்தவர் அந்தக் கடைக்காரர்தான். மரம் அவருடைய பெயர்ப்பலகையை மறைக்கிறது என்பது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. மனுவில் ‘பட்ட மரம்’ என்று எழுதியிருந்தார். அவருடைய தாளிலிருந்த சொல்லை என் தாளுக்கு மாற்றினேன். சுற்றளவைக்கூட அவர் எழுதியதிலிருந்தே எடுத்தேன்.

மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் வாகை அப்படித்தான் நிற்கும். இந்த ஊரில் அது தெரியாதவர் யார்? இலையெல்லாம் கொட்டி, காயோடு மட்டும் நிற்கும், பிறகு தளிர்க்கும். அதைத் தெரியாமல் எழுதியிருந்தால் அறியாமை என்று சொல்லலாம். தெரிந்துகொண்டே எழுதினேன். பிறகு பாடசாலைக்குப் போய், ஒரு மரம் போனால் அதன் கீழுள்ள மண்ணும் சேர்ந்து போகும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். கைதட்டினார்கள்.

ஏப்ரல் 4ஆம் திகதிக்குத் திரும்புகிறேன். குறிப்பேட்டை மூடியபோது மணி 10.58. அப்போதே நான் எழுந்து போயிருக்கலாம். மரம் இருந்த இடம் ஆறு நிமிடத் தூரம். நான் போகவில்லை. போனால், அவர் சொன்னதும்தான் போனேன் என்று பக்கத்து மேசைக்குத் தெரிந்துவிடும். இரண்டு கோப்புகளை முடித்தேன். 12.30க்குச் சோறு. மத்தியானத்துக்குப் பிறகு பழைய வரைபடங்களை ஆண்டு வாரியாக அடுக்கினேன். அதை யாரும் கேட்டிருக்கவில்லை. மேசையிலிருந்த தளிர் மூன்று மணிக்கெல்லாம் சோர்ந்து சுருண்டது.

4.15க்குப் புறப்பட்டேன். 4.21க்கு அந்தத் தெருவில் திரும்பியபோதே வெளிச்சம் மாறியிருந்தது தெரிந்தது. மேற்குப் பக்கம் படர்ந்திருந்த பெரிய கிளை தரையில் கிடந்தது. வெட்டுவாய் ஈரமாக இருந்தது. கிளை முழுக்கத் தளிர்.

வெட்டுக்காரர்கள் ஒரு நாள் முந்தி, மத்தியானம் இரண்டு மணிக்கே வந்துவிட்டார்களாம். லொறி சும்மா நின்றதால் ஒரு கிளையையாவது இறக்கிவிடலாம் என்று தொடங்கி, மிச்சத்தை நாளைக் காலைக்கு விட்டுப் போயிருக்கிறார்கள். அதுவரை பின்னேர வெயிலை மறைத்திருந்தது அந்தக் கிளைதான். சைக்கிள் திருத்துபவர் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, முழு வெயிலில் குந்தியிருந்து சாமான்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

இயந்திரத்தை நிறுத்தினேன். இறங்கினேன். தெருவைக் கடந்து மரத்தடிக்குப் போனேன். சிவப்புப் பெயின்ற் அடையாளத்துக்குப் பக்கத்தில் பட்டையைச் சுரண்டினேன். பச்சை. இன்னோர் இடத்தில் சுரண்டினேன். அங்கும் பச்சை; கத்தி நுனியில் ஈரம் ஒட்டியது. மூன்றாவது இடத்தைச் சுரண்டவில்லை.

“இண்டைக்கு இறங்கிட்டீங்க சேர்,” என்றார் அவர், பெட்டியிலிருந்து தலையெடுக்காமல்.

கத்தியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“அண்டைக்கு இறங்கல்ல. அந்தக் கடை வாசல்ல நிண்டீங்க. வெள்ளைச் சட்டை. நான் ஒரு டியூபுக்குக் காத்தடிச்சுக்கொண்டு இருந்தன். அடிச்சு முடியல்ல, நீங்க போயிட்டீங்க. யாரோ வழி கேக்க வந்த மனிசன் எண்டுதான் நினைச்சன். பெயின்ற் அடிக்க வந்தவன் சொல்லித்தான் தெரியும், மரம் பாக்க வந்த சேராம்.”

“காலையில ஏன் அதைச் சொல்லல்ல?” என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

“நாலு பேர் இரிக்கிற இடம். நீங்க பாத்துத்தான் எழுதின எண்டு சொல்லிட்டீங்க. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல? நோம்பு வாயால ஒரு மனிசனை வெக்கப்படுத்தவா?” பெட்டியை மூடினார். பிறகு கொஞ்சம் சிரித்தார். “இதில ஒரு சூலத்தை நட்டு வச்சிருந்தா ஒருத்தனும் தொட்டிருக்க மாட்டான். நான் நட்டா எங்கட ஆக்கள் விடமாட்டாங்க, உங்கட ஆக்கள் நம்பமாட்டாங்க. அதால மரத்துக்கு ஒரு பாதுகாப்பும் இல்லாமப் போயிட்டு.”

ஓட்டை தேடுவதற்கு டியூபை அமுக்கிப் பார்க்கும் பேசினைத் தூக்கி, அதிலிருந்த தண்ணீரை மரத்தின் வேரடியில் ஊற்றினார். ஒவ்வொரு நாளும் வேலை முடிய அப்படித்தான் ஊற்றுவாராம். அந்த இடத்து மண் கறுத்து இறுகிக் கிடந்தது. மரத்துக்குப் பின்னால் நாலடியில் வாவி. வேர்கள் கரையைப் பின்னிப் பிடித்திருந்தன. மாரியில் வெள்ளம் ஏறி இறங்கியும் கரை அப்படியே நின்றது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். அங்கேயும் முன்பு ஒரு மரம் நின்றது. இப்போது அந்த இடத்தில் கரை இடிந்து உள்ளே வளைந்திருக்கிறது. அதை மறைக்க யாரோ உடைந்த கல்லையும் கிரவலையும் கொட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாரியும் அந்தக் கிரவல் வாவிக்குள் போகிறது, ஒவ்வொரு கோடையும் திரும்பக் கொட்டுகிறார்கள். அந்த மரத்துக்கும் படிவம் நிரப்பியவன் நான்தான்.

“சேர், நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டார்.

“நிப்பாட்டுறன்.”

“நிப்பாட்டினாச் சரி. கிளையை ஒட்டு வைக்கேலாது. அது டியூப் இல்லையே.” சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, நோன்புக் கஞ்சிக்கு நேரமாகிறது என்று புறப்பட்டார்.

அங்கேயே நின்று மேலதிகாரிக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னேன். மரம் தளிர்த்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

“மரம் வெட்டுற கொந்தராத்துக்காரன் காலையில ஏழு மணிக்கு நிப்பான்,” என்றார் அவர். “அதுக்கு முதல் எனக்கு எழுத்தில வேணும். அறிக்கையில பட்டது எண்டிருக்கு, இப்ப பச்சை எண்டுறீங்க. இடையில என்ன நடந்த எண்டு மேல கேப்பாங்கதானே?” கொஞ்சம் யோசித்தார். “மழை பெஞ்சு திரும்பத் தளிர்த்திட்டு எண்டு ஒரு வரி போடுங்களன். முடிஞ்சுது அலுவல். விடிய வீட்டுக்குக் கொண்டு வாங்க.”

வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, 6.10க்கு மேசையில் இருந்தேன். ‘இடைப்பட்ட காலத்தில் பெய்த மழை காரணமாக மேற்படி மரம் மீண்டும் தளிர்த்துள்ளது’ என்று எழுதினேன். நல்ல வசனம். மரமும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். யாருக்கும் ஒரு கேடும் இல்லை.

மனைவி முற்றத்தில் காயவைத்த மிளகாயைச் சுளகோடு உள்ளே கொண்டு வந்தவள், போகிற போக்கில் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“எப்ப மழை பெஞ்ச?”

“இடையில.”

“எங்க, கிரான் பக்கமா? நான் மூணு கிழமையா மிளகாய் காயப்போடுறன். மழை எண்டு ஒரு நாளும் ஓடி வந்து அள்ளல்ல. உங்கட கொப்பியில பாருங்களன், மழைக்கெண்டே ஒரு கொப்பி வச்சிருக்கிற மனிசன்தானே!”

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். கொப்பியை எடுத்துப் பார்த்தேன். மார்ச் 12 முதல் அன்று வரை இருபத்து நான்கு நாள்; இருபத்து நான்கு பூச்சியம். ஒவ்வொன்றும் ஒரே அளவில், வட்டமாக, என் கையால் போட்டது.

இதை எழுதும்போது என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள விருப்பமில்லை. மழைக் கொப்பியை யாரும் கேட்டு வரப்போவதில்லை. அந்தப் பொய் என்றைக்கும் பிடிபட்டிருக்காது. உண்மையின் மேலிருந்த பற்றால் நான் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. காலையில் ஒரு மனிதர் வாயைத் திறந்து மூடினாரே, அதுதான் திரும்பத் திரும்ப என் முன்னால் வந்தது. அவர் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போனார். அதற்குப் பதிலாக அவருக்கு என்னால் போனது, அவர் தலைக்கு மேலிருந்த கிளை.

தாளைக் கிழித்த பிறகு இன்னொரு காரியம் செய்தேன். அலமாரியிலிருந்த பழைய குறிப்பேடுகளை எடுத்து, ‘பட்டது’ என்று எழுதிய இடங்களை மட்டும் தேடினேன். போன நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் பார்த்தேன். நான் ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக நின்று பார்த்த மரங்கள் நான்கு இருந்தன. ஒன்று, வாவியோரத்தில் இப்போது கிரவல் கொட்டிக் கிடக்கும் அந்த இடம், மூன்று நிமிடம். அதுவும் ஒரு மார்ச் மாதம். அந்த மரம் பட்டுத்தான் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. மற்ற மூன்றைப் பற்றியும் தெரியாது. இனி யாரும் சுரண்டிப் பார்க்க முடியாது. மரங்கள் நின்ற இடத்தில் மண் இருந்திருந்தால் ஒரு வேராவது கிடைத்திருக்கும்; இரண்டு இடத்தில் கொங்கிறீற், ஒன்றில் வாகனத் தரிப்பிடம், மற்றதில் மண்ணே மிச்சமில்லை.

அந்த நான்கைப் பற்றிக் கடிதத்தில் நான் எழுதவில்லை. எழுதத் துணிவு வரவில்லை. இங்கேதான் முதன்முதலில் எழுதுகிறேன்.

கடிதம் மூன்று வசனம்தான். ‘2024 மார்ச் 12 அன்று மேற்படி வாகை மரத்தை நான் சோதிக்கவில்லை. இறங்கவில்லை. மரம் அன்றும் உயிருடனேயே இருந்தது.’ கையொப்பமிட்டுத் திகதி போட்டேன். நேரத்தையும் போட்டேன்: பி.ப. 7.35. சாப்பிட்டு முடிந்ததும் மனைவி சுளகிலிருந்த மிளகாயை மறுபடி எண்ணெய்த் தாளில் பரப்பி வைத்தாள்.

ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை. 4.50க்கு எழுந்தேன். மழைப்போத்தலைப் பார்க்கவில்லை, படித்துறைக்குப் போகவில்லை. முகம் கழுவிக்கொண்டு கடிதத்தோடு நேரே மேலதிகாரியின் வீட்டுக்குப் போனேன். 5.30. அவர் சாரத்தோடு, பிரஷ்ஷை வாயில் வைத்தபடி படலையைத் திறந்தார். விளக்கு வெளிச்சத்தில் தாளைப் பிடித்து ஒரு தரம் வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, உள்ளேயிருந்து தொலைபேசியை எடுத்து வந்து கொந்தராத்துக்காரரை எழுப்பி, வாகைக்கு ஆள் அனுப்ப வேண்டாம், கிடக்கிற கிளையை மட்டும் ஏற்றிக்கொண்டு போகட்டும் என்று சொன்னார். பிறகு தாளைத் திரும்ப ஒரு தரம் வாசித்தார்.

“இது என்ன, ‘இறங்கவில்லை’ எண்டு போட்டிருக்கீங்க. என்னத்தில இருந்து இறங்கல்ல?”

“மோட்டார் சைக்கிள்ல இருந்து, சேர்,” என்றேன்.